யார் கைச் சோறு? புதிய ஓட்டல்களும் பழைய கேள்வியும்

(ஆலங்குடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் ஓட்டல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். என் ஆய்வு ஓட்டல் தொழிலாளர்களைப் பற்றியது என்பது ஒரு காரணம். இந்த ஆலங்குடியில் இன்றைக்கு ஒருவர் ஓட்டல் திறக்க இடம் கிடைக்காமல் நிற்கிறார் என்பது இன்னொரு காரணம். அவரிடம் பிறகு வருகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து வம்பன் வழியாக ஆலங்குடிக்கு வரும்போது கடைப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். ஒரு காலத்தில் டீக்கடை, பரோட்டாக் கடை, மிஞ்சினால் ஒரு மெஸ். இப்போது ஷவர்மா, அரேபியன் கிரில், மந்தி பிரியாணி, சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாக் காசு ஊருக்குள் வந்ததும் நாக்கும் மாறுகிறது. அதில் தப்பொன்றும் இல்லை. சென்னை நம்மைவிட ஒரு சுற்று முன்னால் ஓடுகிறது. ஆழ்வார்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும் பழைய பங்களாக்கள் கஃபே ஆகிவிட்டன. கதீட்ரல் சாலையில் 'ஸாரா' என்று ஸ்பானிய தபாஸ் பார் ஒன்று 2000களிலேயே வந்துவிட்டது.

தபாஸ் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஸ்பானிய மொழியில் 'தபா' என்றால் மூடி. மதுக் கோப்பையை மூடி வைத்த ரொட்டித் துண்டிலிருந்து அந்தப் பெயர் வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். இன்றைக்கு அது சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் தீனி. பூண்டும் எண்ணெயும் போட்டு வதக்கிய எறால், காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல், கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட். தனித்தனி இலை கிடையாது. தட்டை நடுவில் வைத்து நாலு பேரும் எடுத்துச் சாப்பிட வேண்டும். எச்சில், பத்து, தீட்டு என்று பந்திக்குப் பந்தி கோடு போட்ட சமூகத்துப் பிள்ளைகள், காசு கொடுத்து ஒரே தட்டில் கை நீட்டுகிறார்கள். பார்க்கிறவருக்குச் சாதி செத்துவிட்டது போலத் தோன்றும். "சிட்டியில யாரு சார் இதெல்லாம் பாக்குறா?" என்று கேட்பார்கள். நான் மறுக்கப் போவதில்லை. அந்த மேசையில் யாரும் பார்ப்பதில்லைதான்.

ஆனால் அந்தத் தட்டுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1449-இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். யூத மதத்திலிருந்து கிறித்துவத்துக்கு மாறியவர்களும் அவர்கள் வாரிசுகளும் நகரத்தில் பதவி வகிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மதம் மாறினாலும் ரத்தம் மாறாதாம். 'ரத்தத் தூய்மை' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1492-இல் மதம் மாறாத யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். எஞ்சியவர்களை மத விசாரணை மன்றங்கள் கண்காணித்தன. எதை வைத்து? அடுப்பை வைத்து. பன்றிக்கறி சாப்பிடுகிறாளா, கொழுப்பில் சமைக்கிறாளா ஆலிவ் எண்ணெயில் சமைக்கிறாளா, வெள்ளிக்கிழமை இரவே சனிக்கிழமைக்கான குழம்பை ஏற்றி வைக்கிறாளா என்று வேலைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சாட்சி சொன்னார்கள். இன்றைக்கு தபாஸ் கடைகளில் உத்தரத்தில் தொங்கும் பன்றித் தொடை, ஒரு காலத்தில் "இந்த வீடு சுத்தமான வீடு" என்பதற்கு அடையாளமாகவும் பயன்பட்டது. இன்னொன்று. ஐபீரிய மொழிகளில் குலம், இனம், வம்சம் என்ற பொருளில் புழங்கிய சொல் 'காஸ்தா'. 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்திறங்கிய போர்த்துகீசியர்கள் நம் ஊர் ஏற்பாட்டைப் பார்த்ததும் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'காஸ்ட்' ஆனது. நம்மிடம் இருந்ததற்குப் பெயர் வைக்க அவர்கள் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சாதியின் உணவு விதியைப் பலரும் 'யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம்' என்ற விதியாக மட்டும் நினைக்கிறோம். அதைவிட ஆழமானது 'யார் கையால் சாப்பிடலாம்' என்பது. விளைச்சலுக்குத் தீட்டில்லை. இதோ பக்கத்தில் வம்பனில் பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் ரக உளுந்து தமிழ்நாடு முழுக்கப் போகிறது. அதை விதைப்பதும் களையெடுப்பதும் பிடுங்கிப் போட்டு அடிப்பதும் யார் கைகள் என்று உங்களுக்குத் தெரியும். மூட்டையில் இருக்கும்வரை அந்தக் கைகளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஊறவைத்து, அரைத்து, அவித்துத் தட்டில் வைக்கும் இடத்தில்தான் "யார் கை?" என்ற கேள்வி முளைக்கிறது. நெருப்பும் தண்ணீரும் பட்டதும் தானியத்துக்குச் சாதி வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு ஓட்டல் தொழில் இந்த விதியின் மேல் எழுந்தது. பிராமணர் கையால் எல்லாரும் சாப்பிடலாம் என்றால், ஓட்டல் வைக்க அவர்தான் தோதான ஆள். அதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் வந்த காபி கிளப்புகள் பலவும் பிராமணர் கையில் இருந்தன. உடுப்பிக்காரர்கள் வந்ததும் இந்த வழியில்தான். சமையல் திறமை இல்லை என்று சொல்லவில்லை. திறமை எல்லாத் தெருவிலும் இருந்தது, சந்தை ஒரு தெருவுக்கு மட்டும் இருந்தது.

அதற்கு எதிரான சண்டை நம் இயக்கத்தின் பெருமைமிக்க பகுதி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்றதும் 1924-25இல் வெடித்த சண்டை உங்களுக்குத் தெரியும். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் என்றிருந்தது 1941-இல் ஒழிந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால், பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வருவதும் கைதாவதுமாக, 1958 மார்ச் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்ற பிறகு அந்தச் சொல் இறங்கியது. ஒரு சொல்லுக்காக ஆயிரம் பேரா என்று இன்றைக்குச் சிலர் சிரிக்கிறார்கள். அந்தச் சொல் பெயர் மட்டுமல்ல, சமையலறைக்குள் யார் கை என்பதற்கான உத்தரவாதச் சீட்டு. அதைப் புரிந்துகொண்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அதே சொல்லைப் போட்டு 2012-இல் திருவரங்கத்தில் ஒரு கடை வந்தபோது மறுபடியும் வீதிக்கு வர வேண்டியிருந்தது.

சரி, 'பிராமணாள்' இறங்கியது. பிறகு என்ன ஏறியது? பலகைகளைப் பாருங்கள். ஐயங்கார் பேக்கரி இன்னும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. செட்டியார், கோனார், நாயுடு, தேவர், கவுண்டர் என்று ஓட்டல் பெயர்கள் உண்டு. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை தொடங்கியது முரளி கஃபே போராட்டம் நடந்த அதே 1957-இல்தான். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பிராமணரின் ஏகபோகம் உடைந்ததால் அவர்களுக்கு வழி கிடைத்தது, கிடைத்திருக்கவும் வேண்டும். ஆனால் இந்தப் பட்டியல் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. பறையர் மெஸ், அருந்ததியர் பிரியாணி என்று ஒரு பலகையை நீங்கள் பேருந்து நிலையத்தில் பார்த்ததுண்டா? சாதிப் பெயரில் பலகை வேண்டும் என்று கேட்கவில்லை, எல்லாப் பெயரும் போகட்டும். ஆனால் எந்தப் பெயர் வியாபாரத்தைக் கூட்டும், எந்தப் பெயர் கடையை மூடும் என்பதை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோமே, அதைச் சொல்கிறேன்.

சாப்பிடுகிறவர் பக்கத்திலாவது சண்டை முடிந்ததா என்றால், இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்து ஆட்சியர் அங்கே போனபோது, பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது வெளியே வந்தது. வேங்கைவயல் வழக்கு எப்படிப் போனது, 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950-இலேயே சொல்லிவிட்டது. 72 ஆண்டு கழித்து நம் மாவட்டத்தில், டீக்கடைப் பலகையில் இரண்டு வகை கிளாஸ். ஆனாலும் அங்கே ஒரு வசதி இருந்தது. ஆட்சியர் போய் நின்றார், வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள். எது குற்றம், யார் குற்றவாளி என்று சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

இனி நான் சொன்ன நண்பருக்கு வருகிறேன். எங்கள் தெருக்காரர், எனக்கு அண்ணன் முறை. கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனார். ஓட்டல் சமையலறையில் கடைநிலை உதவியாளரைக் 'கமி' என்பார்கள். கமியாகச் சேர்ந்து, வெங்காயம் உரித்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, 12 வருடத்தில் ஒரு ஸ்பானிய உணவகத்தின் சமையலறையில் ஷெஃபுக்கு அடுத்த ஆளாக வந்தார். கூட வேலை செய்தவர்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். அதாவது, நகரம் 'அழகாகும்'போது கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். மத்தவங்க வீடுகளில் இவர்கள் தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் தேடுவார்கள். இவர்கள் சமைத்த எறாலை அதே ஆட்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டு, "கிளாஸா இருக்கு" என்பார்கள். ஸ்பானியப் பெயர் அந்தக் கையை மறைத்துவிடுகிறது. தபாஸ் மேசையில் சாதி இல்லை என்று சொன்னேனே, சமையலறைக் கதவு மூடியிருப்பது அதற்கு ஒரு காரணம்.

அண்ணனுக்கு ஊரில் கடை வைக்க வேண்டும் என்று ஆசை. பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறார், 'சின்னத் தட்டு'. "பூண்டு எறாலும் உருளைக்கிழங்கு முட்டையும் நம்மூரு ஆளுகளுக்குப் புரியாதாடா தம்பி? ஜெகதாப்பட்டினத்து எறாலு இருக்கு, நம்ம மொளகாய் இருக்கு. நாலு சின்னத் தட்டு, ஒரு தட்டு அறுவது ரூவா. நாலு பேரு உக்காந்து பேசிக்கிட்டே சாப்பிடட்டும்" என்கிறார். சேமிப்பு இருக்கிறது. மீதிக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் கேட்கலாம். மாநில அரசு 2023-இல் தொடங்கியது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, வட்டியிலும் சலுகை. உங்களில் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். ஆகக் காசு இங்கே முதல் தடையாக இல்லை.

தடை கட்டடம். கடைவீதியில் காலியாக இருந்த மூன்று இடங்களைப் பார்த்தார். முதலாமவர் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசிவிட்டு, "எந்தத் தெரு தம்பி?" என்று கேட்டார். மறுநாள், மகன் வேறு ஆளுக்குப் பேசிவிட்டான் என்றார். இரண்டாமவரிடமும் அதே கதை. மூன்றாமவர் நல்ல மனிதர், ஒளிக்கத் தெரியாதவர். "தப்பா எடுத்துக்காதப்பா. செல்போன் கடை போடு, ஜெராக்ஸ் கடை போடு, நாளைக்கே சாவி தாரேன். சாப்பாட்டுக் கடை மட்டும் வேணாம். யாரும் வர மாட்டாக, ஒனக்கும் நட்டம், எனக்கும் பேச்சு" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இன்றைக்குப் பேச வந்தேன். செல்போன் விற்கலாம், சோறு விற்கக் கூடாது. ஐந்து வருட ஆய்வில் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பிறகு வந்தவை ஆலோசனைகள். "பார்சல் மட்டும் பண்ணு, ஆன்லைன்ல போடு, யாரு சமைக்கிறான்னு தெரியாது." "கல்லாவுல வேற ஆள உக்கார வையி, நீ உள்ள இரு." இரண்டாவது ஆலோசனை ரொம்ப நடைமுறையானது. நான் பேசிய தலித் உணவுத் தொழில்முனைவோரில் சிலர் அப்படித்தான் நடத்துகிறார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "12 வருசம் கதவுக்குப் பின்னாடியே நின்னாச்சு. சொந்தக் கடையிலயும் பின்னாடியா?" என்றார். 2025 மே மாதம் வடகாட்டில் நடந்ததைப் பார்த்த பிறகும் ஒரு மனிதர் ஆலங்குடியில் முகத்தைக் காட்டித்தான் கடை நடத்துவேன் என்கிறார். இந்தத் தைரியத்துக்கு நாம் தகுதியானவர்களா என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இடத்தில் சட்டம் என்ன செய்யும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. ஆனால் "ஏற்கெனவே வேறு ஆளுக்குப் பேசிட்டோம்" என்பதை எந்தக் காவல் நிலையத்தில் உடைப்பீர்கள்? அதைக்கூட உடைத்துவிடலாம், கடையும் திறந்துவிடலாம். அதற்குப் பிறகு? தலித்துக்குச் சோறு போட மாட்டேன் என்கிற கடைக்காரரைச் சட்டம் பிடிக்கும். தலித் போட்ட சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்று பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துபோகும் வாடிக்கையாளரை எந்தச் சட்டம் பிடிக்கும்? அவர் எதையும் மீறவில்லை. பசித்த இடத்தில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நுழைவதற்கான உரிமையைப் போராடியும் எழுதியும் வாங்கிவிட்டோம். சமைத்துப் போடும் உரிமை, எதிரே ஒருவர் உட்கார்ந்து வாயைத் திறந்தால்தான் உயிர் பெறும்.

அரசே சமைக்க வைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். பள்ளி மதிய உணவில் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. பிள்ளை வயதிலேயே அந்தக் கைச்சோறு பழகிவிட்டால் பிறகு கேள்வியே வராது என்ற கணக்கு. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஏழாண்டு கழித்து ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. 2023-இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது கரூர் வேலஞ்செட்டியூரில் அதே கதை. அங்கெல்லாம் எதிர்த்தவர்களில் எத்தனை பேர் வெளியூர் போனால் ஷவர்மா வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று கணக்கெடுத்தால் ருசியாக இருக்கும்.

2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காடுதான் பட்டியல் சாதியினருக்குச் சொந்தம் என்று காட்டியது. அன்றைக்கு மக்கள் தொகையில் அவர்கள் பங்கு 16.4. இதில் உணவுக் கடைகளை மட்டும் பிரித்தால் எவ்வளவு சுருங்கும் என்பதை உங்கள் கடைவீதியிலேயே நடந்து எண்ணிப் பார்க்கலாம். ஒரு சாயங்காலம் போதும். எண்ணிவிட்டு எனக்கும் அனுப்புங்கள், ஆய்வுக்கு உதவும்.

அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், சமபந்தி மட்டும் சாதியைக் கொன்றுவிடாது, கலப்பு மணமே மெய்யான மருந்து என்று வாதிட்டார். இதைக் காட்டி, "ஓட்டல் பிரச்சினை சின்னது, அதைவிடப் பெரியது இருக்கிறது" என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பார்த்த சமபந்தியில் சமைத்தது யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. நம் ஊர்ச் சமபந்திகளிலும் கோயில் மடப்பள்ளியில் சமைத்து, அமைச்சரும் ஆட்சியரும் சேரி மக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலனியில் பெண்கள் சமைத்து, ஊர்த்தெரு வந்து உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தியை வருடத்துக்கு ஒன்றாவது நடத்திப் பாருங்கள். மணம் வரைக்கும் போகும் பாதையில் அது ஒரு நல்ல நீளமான தூரம்.

அண்ணனுக்காக உண்டியல் குலுக்கச் சொல்லவில்லை. அவருக்கு இரக்கம் தேவையில்லை, ஒரு ஷட்டர் தேவை. இந்தக் கூட்டத்தில் கடைவீதியில் கட்டடம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் குறைந்தது நாலைந்து பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முகநூலில் நீலச் சட்டை போட்ட படம் வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். இன்றிரவு அப்பாவிடம், சித்தப்பாவிடம் பேசுங்கள். சண்டை போடச் சொல்லவில்லை. எவ்வளவு வாடகை, எத்தனை மாத அட்வான்ஸ் என்று மட்டும் கேட்டு வாருங்கள். "யாருக்கு?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அப்போது பெயரையும் தெருவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கட்டடம் கிடைக்கும்வரை அவர் சும்மா இருக்கப் போவதில்லை, விசேஷங்களுக்குச் சமைக்கிறார். இதுவரை எங்கள் தெரு விசேஷங்கள் மட்டும்தான். ஆடி பிறந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கமெல்லாம் மொய் விருந்துக் கொட்டகை போடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும், ஆயிரம் பேர் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆடியில் மொய் விருந்து முறை வந்து, சமையலுக்கு இன்னும் ஆள் பேசவில்லை என்றால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அவர் நம்பர் தருகிறேன்.